வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் பாடி செய்வது: எங்கே துல்லியம் வேண்டும், எங்கே வேண்டாம்

கேள்வி இது: ரெடிமேட் நெக் (கிட்டாரின் கழுத்து) ஒன்றை வாங்கியாயிற்று. பாடியை மட்டும் சொந்தமாக வரைந்த வடிவத்தில் வீட்டிலேயே செய்ய ஆசை. ஜிக்சா, டிரில், கையில் பிடித்து ஓட்டும் ரௌட்டர் (மரத்தைக் குடையும் கருவி) இருக்கின்றன, மரவேலையில் கொஞ்சம் பழக்கமும் உண்டு. எந்த மரம் எடுப்பது, எதிலிருந்து தொடங்குவது, எங்கே கவனமாக இருப்பது?

தாராளமாகச் செய்யலாம். எலெக்ட்ரிக் கிட்டாரின் பாடிக்கு இருக்கும் பெரிய வேலை ஒன்றுதான்: நெக்கையும், பாடிமேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜையும் ஒரே நேர்கோட்டில், சரியான தூரத்தில், சரியான உயரத்தில், அசையாமல் பிடித்துக்கொள்வது. கொம்பின் வளைவு நீங்கள் வரைந்ததைவிட 2 மி.மீ. உள்ளே போய்விட்டால் யாருக்கும் தெரியாது, வாசிப்பிலும் எதுவும் மாறாது. ஆனால் நெக் உட்காரும் குழி, அதாவது நெக் பாக்கெட், தன் 76 மி.மீ. நீளத்துக்குள் அரை மி.மீ. சாய்ந்துவிட்டால், நட் (தலைப்பக்கம் தந்திகள் பள்ளத்தில் அமரும் சட்டம்) இருக்கும் முனையை எட்டும்போது அந்த விலகல் 3 மி.மீ. ஆகிவிடும். அப்புறம் ஒரு ஓரத்துத் தந்தி, விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டின் விளிம்பை விட்டு நழுவிக்கொண்டே இருக்கும். ஆகவே உங்கள் பொறுமை முழுவதையும் பாக்கெட்டுக்கும் பிரிட்ஜுக்கும் வையுங்கள். மற்ற இடங்களில் மனம் போல் வரையலாம், செதுக்கலாம்.

மரத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: திடமான எலெக்ட்ரிக் பாடியில் மரத்தின் இனத்தைவிட அது நன்றாக உலர்ந்திருக்கிறதா, கோணாமல் நிற்கிறதா, எவ்வளவு எடை என்பவையே முக்கியம். ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பவை பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் உறுப்பு), அது தந்திக்கு அடியில் இருக்கும் இடம், தந்தி, ஆம்ப் ஆகியவை. குவீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே தன் தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து 1963-ல் வீட்டில் செய்யத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியின் உள்ளே பழைய மேசையிலிருந்து எடுத்த ஓக்கும், மரக்கட்டைகளை ஒட்டிச் செய்த ‘பிளாக்போர்டு’ (blockboard) பலகையும், மேலே மகோகனி வெனீர். நெக், பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்டத்திலிருந்து வந்தது. குவீன் குழுவின் பாடல்களில் கேட்கும் கிட்டார் அதுதான். பழைய மேசைப் பலகையில் இதைச் செய்ய முடிந்தது என்பது தொடக்கக்காரருக்கு எவ்வளவு பெரிய தைரியம்!

எடையை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். 44 முதல் 45 மி.மீ. தடிமனுள்ள வழக்கமான பாடியில், குழிகளைக் கழித்தால், சுமார் மூன்றரை லிட்டர் கன அளவுக்கு மரம் மிஞ்சும். ஆல்டர் லிட்டருக்குச் சுமார் 450 கிராம் என்றால் பாடி 1.6 கிலோ அளவில் வரும். மகோகனியில் 2 கிலோ. தேக்கு லிட்டருக்கு 650 கிராம் அளவில் இருப்பதால் 2.3 கிலோவுக்குப் போகும், கடின மேப்பிள் அதற்கும் மேல். நெக், இரும்புச் சாமான் எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஒன்றரை கிலோ கூடும். இரண்டு மணி நேரம் தோளில் தொங்கவிட்டு நின்று வாசிக்கப் போகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் மரம் வாங்க வேண்டும். ஏற்கெனவே கையில் கனமான பலகைதான் இருக்கிறது என்றால், முன்பக்கம் இன்னொரு மெல்லிய பலகை ஒட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் உள்ளே குடைந்து எடையைக் குறைக்கலாம்.

உலர்ந்த மரமா என்று அறிய ஈரமானி இருந்தால் நல்லது. 8 முதல் 10 சதவீதம் காட்டினால் தொடங்கலாம். கருவி இல்லையென்றால் பலகையை வீட்டுக்குள், காற்று எல்லாப் பக்கமும் படும்படி சின்னச் சட்டங்கள் மேல் வைத்து, வாரம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். எடை குறைவது நிற்கும்வரை தொடாதீர்கள். அவசரப்பட்டு ஈர மரத்தில் வெட்டிய பாக்கெட் பிறகு சுருங்கி நெக்கைப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் முறுக்கிக்கொண்டு இடைவெளி விடும்.

சுமார் 350 மி.மீ. அகலத்தில் ஒரே பலகை கிடைப்பது அரிது. இரண்டு பலகைகளை நடுவில் ஒட்டுவது எந்த விதத்திலும் குறைவில்லை. இரண்டு விளிம்புகளையும் இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டிப் பாருங்கள். கீற்று ஒளிகூடத் தெரியாதவரை இழைக்க வேண்டும். இடைவெளியை கிளாம்ப் இறுக்கி மூடலாம் என்று நினைக்காதீர்கள், அந்த இழுப்பு மரத்துக்குள்ளேயே தங்கி என்றாவது விரிசலாக வெளிவரும். மரத்துக்கான நல்ல வெள்ளைப் பசை போதும். தேக்கு போல எண்ணெய்ப் பசையுள்ள மரமென்றால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்டு விளிம்பைத் துடைத்துவிடுங்கள். ஒட்டியபின் ஒரு முழு நாள் சும்மா விடுங்கள். ஒட்டின கோடே உங்கள் நடுக்கோடாக அமைவது கூடுதல் வசதி.

இனி வரைபடம். இதில் செலவழிக்கும் நேரம்தான் வேலை முழுவதையும் காப்பாற்றும். முழு அளவில், பெரிய தடித்த தாளில் வரையுங்கள். நடுக்கோட்டைத்தான் முதலில் போட வேண்டும். பிறகு நெக்கை அதன்மேல் வைத்துச் சுற்றிலும் கோடு இழுங்கள். நெக் விற்றவர் சொன்ன அளவை நம்பி வரையாதீர்கள். ஃபெண்டர் நிறுவன வகை நெக்கின் அடிப்பகுதி சுமார் 56 மி.மீ. அகலம் என்பார்கள், ஆனால் உங்கள் கையில் இருப்பது 55.5 ஆகவும் இருக்கலாம், 56.3 ஆகவும் இருக்கலாம். அந்த வித்தியாசம் பாக்கெட்டில் தளர்வாகவோ இறுக்கமாகவோ தெரியும்.

அடுத்து நட்டின் முன்விளிம்பிலிருந்து 12-ஆவது ஃப்ரெட்டின் (ஃப்ரெட்போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உச்சிவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் ஸ்கேல் நீளம், அதாவது தந்தி அதிரும் நீளம். ஃபெண்டர் அளவு நெக்கில் 324 மி.மீ. வரும், ஆகவே 648. கிப்சன் வழி நெக்கில் சுமார் 628. இந்தத் தூரத்தை நட்டிலிருந்து நடுக்கோட்டில் குறித்தால் பிரிட்ஜின் சேடில்கள் (ஒவ்வொரு தந்தியும் அமரும் சிறு தாங்கிகள்) ஏறத்தாழ எங்கே வர வேண்டும் என்பது தெரிந்துவிடும். இன்னும் பாடியின் வெளிவடிவம் ஒரு கோடுகூடப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். நெக், பிரிட்ஜ், பிக்கப், கன்ட்ரோல்கள் எல்லாம் தாளில் உட்கார்ந்தபிறகு, அவற்றைச் சுற்றித்தான் வடிவம் வர வேண்டும். அழகான வடிவத்தை முதலில் வரைந்துவிட்டு அதற்குள் இவற்றைத் திணிக்கப் பார்ப்பவர்களுக்குக் கடைசியில் ஆம்ப் வயர் செருகும் ஜாக் வைக்க இடமிருக்காது.

பிக்கப் இடத்தைப் பற்றிச் சின்னக் குறிப்பு. ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டரில் நெக் பக்கத்துப் பிக்கப் சேடிலிலிருந்து சுமார் 162 மி.மீ. தள்ளி இருக்கும், அது ஸ்கேல் நீளத்தில் சரியாகக் கால்வாசி. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் சுமார் 41 மி.மீ. தொலைவில். சேடிலை நெருங்க நெருங்க ஒலி கூர்மையாகும், நெக் பக்கம் போகப் போகக் கொழுகொழுவென்று வரும். உங்கள் சொந்த வடிவத்தில் உண்மையான படைப்புச் சுதந்திரம் இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. பிரிட்ஜ் பிக்கப்பை 5 மி.மீ. முன்னால் தள்ளி வைத்தால் அந்தக் கூர்மை சற்றுத் தணியும், எனக்கு அது பிடிக்கும்.

வடிவத்துக்கு இரண்டு விஷயங்கள் கட்டாயம். பெல்ட் மாட்டும் மேல்கொம்பின் நுனி 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேராகவோ அதற்கு அருகிலோ வரட்டும். கொம்பு குட்டையானால் கையை எடுத்ததும் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாயும், இடது கை முழு நேரமும் நெக்கைத் தூக்கிக்கொண்டே வாசிக்க வேண்டிவரும். உட்கார்ந்து வாசிக்கும்போது தொடையில் அமரும் இடுப்பு வளைவும் சரியான இடத்தில் இருக்க வேண்டும். வரைந்ததை அட்டையிலோ தெர்மாகோலிலோ வெட்டி, நெக்கை அதில் ஒட்டி, மடியில் வைத்துப் பாருங்கள், தோளில் தொங்கவிட்டுப் பாருங்கள், கடைசி ஃப்ரெட்வரை விரல் எட்டுகிறதா என்று பாருங்கள். தாளில் பிரமாதமாகத் தெரிந்த கூரான வடிவம் விலா எலும்பில் குத்துவதை மரம் வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

பிரிட்ஜ் எது என்பதையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் பாக்கெட்டின் ஆழம் அதைப் பொறுத்தது. தட்டையாகப் பாடிமேல் திருகும் ஹார்ட்டெயில் பிரிட்ஜ்தான் முதல் கிட்டாருக்கு என் பரிந்துரை. ஃபெண்டர் வகை நெக்கின் அடித்தடிமன் ஃப்ரெட்போர்டோடு சேர்த்துச் சுமார் 25.4 மி.மீ., பாக்கெட் ஆழம் 16 மி.மீ. என்றால் ஃப்ரெட்போர்டு பாடிக்கு மேலே 9 மி.மீ. சொச்சம் தூக்கி நிற்கும். தட்டைப் பிரிட்ஜின் சேடில்கள் அந்த உயரத்துக்கு இயல்பாகப் பொருந்தும், நெக்கைச் சாய்க்க வேண்டியதில்லை. டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் இதைவிட உயரமானது. அதற்கு நெக்கைச் சுமார் 3 டிகிரி பின்னால் சாய்த்து வைக்க வேண்டும், அந்தச் சாய்வைப் பாக்கெட்டின் தளத்தில் வெட்டிக் கொண்டுவருவது முதல்முறை செய்பவருக்குச் சுமை. கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் மிதக்கும் டிரெமலோ பிரிட்ஜ் என்றால் பாடியை முன்னும் பின்னும் ஊடுருவிக் குடைய வேண்டும். இரண்டையும் அடுத்த கிட்டாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெக் பாக்கெட்டுக்கு வருவோம். எந்த ரெடிமேட் டெம்ப்ளேட்டைவிடவும் உங்கள் நெக்கே சிறந்த டெம்ப்ளேட். மரத்தில் நடுக்கோட்டை வரைந்து, நெக்கை அதன்மேல் சரியாக வையுங்கள். சரியாக என்றால், நட்டின் நடுப்புள்ளியும் கடைசி ஃப்ரெட்டின் நடுப்புள்ளியும் நடுக்கோட்டின் நீட்சியில் இருக்க வேண்டும். ஒரு நீண்ட நேர்ச்சட்டம் வைத்துச் சரிபாருங்கள். இப்போது நேரான விளிம்புள்ள 12 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பட்டைகளை நெக்கின் இரு பக்கமும், அடிமுனையிலும் இடைவெளி இல்லாமல் அணைத்து, இருபக்க டேப்பால் மரத்தில் ஒட்டுங்கள். நெக்கை எடுத்துவிட்டால் அதன் சரிவோடு கூடிய அச்சு அப்படியே நிற்கும். மேலே பேரிங் உள்ள ரௌட்டர் பிட்டை அந்தப் பட்டைகளைத் தொட்டபடி ஓட்டினால் பாக்கெட் வந்துவிடும். இதை முதலில் ஒரு கழிவுக் கட்டையில் செய்து பாருங்கள். நெக்கை உள்ளே அழுத்தி, கட்டையை நெக்கோடு தூக்கினால் விழாமல் தொங்க வேண்டும், அதே சமயம் சுத்தியல் இல்லாமல் கையாலேயே உள்ளே போக வேண்டும். தளர்வாக வந்தால் பட்டையை இன்னும் நெருக்கி ஒட்டுங்கள். மூலைகளில் பிட்டின் வட்டம் விட்டுப்போகும் மரத்தை உளியால் எடுத்துவிடலாம். தளம் சமமாக இருப்பது சுவர்களைவிட முக்கியம், ஏனென்றால் நெக்கைத் தாங்குவது தளம்தான்.

பாக்கெட்டும் மற்ற குழிகளும், பாடியின் வெளிவடிவம் வெட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பலகை இன்னும் செவ்வகமாக இருக்கும்போது ரௌட்டரின் அடித்தட்டுக்கு எல்லாப் பக்கமும் தாங்கல் இருக்கும், கிளாம்ப் போட இடம் இருக்கும். கொம்புகளுக்கு நடுவே ரௌட்டர் ஒருபக்கம் தொங்கினால் பாக்கெட்டின் தளம் சாய்வது நிச்சயம்.

ரௌட்டரைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் ஆபத்தான கருவி அதுதான். ஒரு ஓட்டத்தில் 4 அல்லது 5 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். ஆழமான குழிகளில் தட்டையான அடி விடும் ஃபோர்ஸ்ட்னர் பிட்டை டிரில்லில் மாட்டிப் பெரும்பகுதி மரத்தை முதலில் எடுத்துவிடுங்கள், ரௌட்டருக்குச் சுவரைச் சீராக்கும் வேலை மட்டும் மிஞ்சட்டும். கையில் பிடித்து ஓட்டும்போது வெளிவிளிம்பைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையிலும், குழியின் உட்சுவரைக் கடிகாரத் திசையிலும் ஓட்ட வேண்டும். மாற்றி ஓட்டினால் பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு கருவியை உங்கள் கையிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடும். கொம்புகளின் வளைவில் மரத்தின் நார் குறுக்கே திரும்பும் இடங்களில் துண்டு பிய்ந்து போக வாய்ப்பு அதிகம். அங்கே ஜிக்சாவால் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே மட்டும் வெட்டிவிட்டு, கோடுவரை கொண்டுவருவதற்கு அரமும் உப்புத்தாளும் போதும். நேரம் ஆகும், ஆனால் ஒரு கொம்பே பிய்ந்து போவதைவிட நல்லது. பிட் மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தால் வகைப்படுத்தப்பட்டது. எம்.டி.எஃப். தூள் இன்னும் நுண்ணியது. துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, தூளை வடிகட்டும் முறையான முகக்கவசம் போடுங்கள்.

பாக்கெட் முடிந்ததும் பிரிட்ஜைக் குறிக்க வரைபடத்தை மறுபடி நம்பாதீர்கள். நெக்கை உள்ளே வைத்துக் கிளாம்ப் செய்து, நட்டின் முதல், ஆறாவது தந்திப் பள்ளங்களிலிருந்து இரண்டு நூல்களை இழுத்துப் பிரிட்ஜின் அதே சேடில்கள் வழியாகப் பின்னால் கட்டுங்கள். ஃப்ரெட்போர்டின் இரு விளிம்பிலும் நூலுக்கு வெளியே சம இடைவெளி வரும்வரை பிரிட்ஜை இடமும் வலமும் நகர்த்துங்கள். நெக் பாக்கெட்டில் மயிரிழை சாய்வு இருந்திருந்தால்கூட இந்த இடத்தில் அதைச் சரிக்கட்டிவிடலாம். முன்பின் தூரத்துக்கு, மெல்லிய முதல் தந்தியின் சேடிலை அதன் ஓட்டத்தில் ஏறக்குறைய முழுவதும் முன்னால், அதாவது நெக்கை நோக்கித் திருகிவைத்து, அந்த இடம் ஸ்கேல் நீளத்தில் வரும்படி பிரிட்ஜை நிறுத்துங்கள். தந்தியை அழுத்தும்போது சுருதி சற்று ஏறும், அதை ஈடுகட்ட எல்லாச் சேடில்களும் பின்னால்தான் நகர வேண்டிவரும். தடித்த ஆறாவது தந்திக்கு 3 முதல் 5 மி.மீ. வரை தேவைப்படலாம். பின்னால் நகர இடம் இல்லாமல் பிரிட்ஜைத் திருகிவிட்டால் அந்தக் கிட்டார் எந்நாளும் சுருதி சேராது.

நெக் திருகுகளுக்குப் பாடியில் போடும் துளை திருகைவிடச் சற்றுப் பெரிதாக, திருகு கையாலேயே உள்ளே போகும்படி இருக்க வேண்டும். பாடியிலும் திருகின் மரை கடித்தால் நெக்கும் பாடியும் ஒன்றையொன்று இறுக்கி அணைக்காது, நடுவே இடைவெளி விட்டு அப்படியே நிற்கும். நெக்கில் மட்டும் சின்னத் துளை, வழக்கமான திருகுக்கு 3.2 மி.மீ. அளவில். பாக்கெட்டுக்கு அடியில் 28 மி.மீ. மரம் இருந்தால் 45 மி.மீ. திருகு, திருகுத் தலைக்கு அடியில் வரும் உலோகத் தகடு போக, நெக்குக்குள் 15 மி.மீ. அளவில் ஏறும். அது போதும். டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஃப்ரெட்போர்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த பிட்டுக்குப் பரிகாரம் இல்லை. திருகில் கொஞ்சம் மெழுகு தடவினால் கடின மரத்தில் உடையாமல் இறங்கும்.

கன்ட்ரோல் குழியைப் பின்பக்கமிருந்து குடைவதானால் முன்னால் 5 முதல் 6 மி.மீ. மரம் மட்டும் விட்டுவையுங்கள், அதற்குமேல் விட்டால் சாதாரண வால்யூம் பாட்டின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகின்) மரை வெளியே எட்டாது. குழிகளுக்கு இடையே வயர் போக நீண்ட பிட்டால் துளை போடும்போது, பிரிட்ஜுக்கு அடியில் வந்து முடியும் எர்த் வயருக்கான துளையையும் மறக்காதீர்கள். பலர் பெயின்ட் அடித்தபிறகுதான் அதை நினைக்கிறார்கள். தந்திகள் அந்த வயர் வழியாக எர்த் ஆனால்தான் கை வைத்ததும் இரைச்சல் அடங்கும். குழியின் உட்புறம் முழுவதும் செம்புத் தகடு டேப் ஒட்டி அதையும் எர்த்தோடு சேர்த்துவிட்டால், ஒரே கம்பிச்சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பில் வரும் கரகரப்பில் ஒரு பகுதியாவது குறையும்.

விளிம்பை உருட்டுவது உங்கள் விருப்பம். ஸ்ட்ராடோகாஸ்டர் போல 12 மி.மீ. ஆரத்தில் உருட்டினால் உடம்புக்கு இதமாக இருக்கும், டெலிகாஸ்டர் போல 3 மி.மீ. போதும் என்பவர்களும் உண்டு. வயிற்றுப் பக்கச் சரிவையும் முன்கை படும் சரிவையும் முரட்டு அரத்தால் கையாலேயே எடுத்துவிடலாம். இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அளவுகோல் இல்லாமல் கை சொல்வதைக் கேட்டுச் செய்ய முடிகிற பகுதி இது ஒன்றுதான்.

மெருகுக்கு 80-இல் தொடங்கி 120, 180, 220 வரை உப்புத்தாளை வரிசையாகப் போட்டு, முந்தைய தாளின் கீறல் முழுவதும் போனபிறகே அடுத்ததற்குப் போங்கள். வீட்டில் செய்கிறவருக்கு எண்ணெய் மெருகுதான் நல்ல வழி. மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டு, திரும்பத் தேய்க்கலாம், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஆனால் ஆளி எண்ணெய், டங் எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது உண்டாகும் சூட்டில் அது தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள். பெயின்ட்தான் வேண்டும் என்றால் அடிக்கலாம், ஆனால் ஹார்டனர் கலக்கும் 2கே பாலியூரிதேனை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. எந்த மெருகானாலும் நெக் பாக்கெட்டை டேப்பால் மூடிவிட்டு அடியுங்கள். இரு சுவரிலும் ஏறும் பெயின்ட் தடிமன், அவ்வளவு பாடுபட்டுப் பொருத்திய நெக்கை உள்ளே போகவிடாது.

எல்லாம் மாட்டித் தந்தி ஏற்றியபின் முதல் நாளே குறை கண்டு வருந்த வேண்டாம். தந்தியின் இழுப்புக்கு நெக் பழக ஓரிரு நாள் ஆகும், அப்புறம்தான் நெக்கின் வளைவையும் தந்தி உயரத்தையும் பாருங்கள். சேடில்களை முழுவதும் இறக்கியும் தந்தி உயரமாகவே நின்றால், பாக்கெட்டில் பிரிட்ஜை நோக்கிய முனையில் கால் முதல் அரை மி.மீ. தடிமனில் ஒரு மெல்லிய மரச்சீவலை வைத்து நெக்கைத் திரும்பத் திருகுங்கள். நெக் பின்னால் சற்றுச் சாய்ந்து தந்தி கீழே இறங்கும், சேடிலுக்கும் ஏற்றி இறக்க இடம் கிடைக்கும். சேடில்கள் ஒரேயடியாக உயர்ந்து நின்றும் தந்தி ஃப்ரெட்டில் உரசினால், பாக்கெட்டின் தளத்திலிருந்து அரை மி.மீ. எடுத்தால் போதும்.